மரத்தில் கை வைக்கும் முன்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

சிங்கப்பூரில் தனியார் வீட்டு மரங்களைச் சோதித்து அறிக்கை எழுதுவது என் தொழில். தயங்காமல் கேளுங்கள்.

கேள்வி: அக்கா, புக்கிட் தீமாவில் தரைவீடு. பின்னால் பெரிய தூங்குமூஞ்சி மரம் நிற்கிறது. சமையலறையை நீட்டிக் கட்டணும். "உங்க நிலம், உங்க மரம், வெட்டிடலாம்" என்கிறார் காண்ட்ராக்டர். சரிதானா?

நிலம் உங்களுடையதுதான் தம்பி, ஆனால் காண்ட்ராக்டர் வாய்ச்சொல் அனுமதி ஆகாது. 1991இல் இங்கே இரண்டு மரப் பாதுகாப்பு வட்டாரங்களை அறிவித்தார்கள்: ஒன்று தங்ளின், புக்கிட் தீமா பக்கம், இன்னொன்று சாங்கி. அந்த எல்லைக்குள் இருக்கும் மரம், தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் அளந்தால் சுற்றளவு 1 மீட்டரைத் தாண்டினால், தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதி இல்லாமல் வெட்டக்கூடாது. மீறினால் 50,000 வெள்ளி வரை அபராதம். முதலில் உங்கள் முகவரி எல்லைக்குள் வருகிறதா என்று கழகத்தின் வரைபடத்தில் பாருங்கள்.

வந்தால், மரம் நிற்கும் இடத்தைக் குறித்த வரைபடம், இனம், சுற்றளவு, படங்கள், வெட்டுவதற்கான காரணம், மர வல்லுநர் அறிக்கை இவ்வளவையும் தயார் பண்ணுங்கள். கட்டட வேலை என்பதால் உங்கள் கட்டடக் கலைஞர் திட்ட வரைபடங்களோடு சேர்த்து இதைப் பார்த்துக்கொள்வார். அதிகாரி முதலில் கேட்கப்போவது, சமையலறையைக் கொஞ்சம் தள்ளிக் கட்ட முடியாதா என்றுதான், அதற்கு நேர்மையான பதில் இல்லாமல் போனால் விண்ணப்பம் நிற்காது. "இலை கொட்டுது", "பார்வையை மறைக்குது" என்பதெல்லாம் என் கணக்கில் காரணமே இல்லை; தண்டு உள்ளே அழுகியிருக்கிறது, வேர் அடித்தளத்தைத் தூக்குகிறது என்றால் ஆதாரத்தோடு காட்டுங்கள். அனுமதி கிடைத்தாலும், பதிலுக்கு மரம் நட வேண்டும் என்ற நிபந்தனை வரலாம்.

கேள்வி: குறுக்கே அளந்தேன், 40 சென்டிமீட்டர்தான் இருக்கு. தப்பிச்சேனா?

இல்லை. சட்டம் சொல்வது சுற்றளவு. விட்டம் 32 சென்டிமீட்டர் இருந்தாலே சுற்றளவு 1 மீட்டரைத் தொட்டுவிடும், உங்களுடையது சுமார் 1.26 மீட்டர். தையல்காரர் டேப்பை எடுத்துச் சுற்றி அளந்து பாருங்கள், அந்த டேப் மரத்தில் இருக்கும்போதே ஒரு படம் எடுத்து வையுங்கள்.

கேள்வி: வெட்டப்போறதில்லை, உச்சியை மட்டும் மொட்டையடிக்கலாமா?

தயவுசெய்து வேண்டாம். அனுமதி ஒரு பக்கம் இருக்கட்டும், உச்சியை மொட்டையடித்த மரத்தில் வெட்டிய இடம் அழுகும், பக்கத்தில் கொத்துக்கொத்தாகத் துளிர்க்கும் கிளைகளுக்குப் பிடிமானம் இருக்காது, பிறகு சுமத்ரா பக்கமிருந்து வரும் திடீர்ப் புயற்காற்று ஒன்று அடித்தால் அவைதான் முதலில் கூரை மேல் விழும். காய்ந்த கிளையைக் கழிப்பது வேறு விஷயம். பாதுகாப்பு வட்டாரத்தில் பெரிய கிளை என்றால் கழகத்துக்கு முன்கூட்டியே எழுதிக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: நாங்க ஈசூன். எங்களுக்கு இந்தத் தொல்லை இல்லைதானே?

இரண்டு வட்டாரங்களுக்கும் வெளியே, உங்கள் சொந்த வீட்டு வளாகத்து மரம் என்றால் பொதுவாக இந்த 1 மீட்டர் விதி பொருந்தாது. ஆனால் காலி நிலத்து மரத்துக்கு எங்கே இருந்தாலும் பொருந்தும். வாசலுக்கு வெளியே சாலையோரம் நிற்பது உங்கள் மரமே இல்லை. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) பேட்டை மரம் என்றால் நகர மன்றத்தைக் கூப்பிடுங்கள். அப்புறம் மண்டாய், லிம் சூ காங் உட்பட ஐந்து மரபுச் சாலைகளில் இருபுறமும் உள்ள பசுமைப் பட்டைக்குத் தனி விதி உண்டு.

கேள்வி: மழையில் மரம் சாய்ஞ்சு கூரை மேல நிற்குது. அப்பவும் விண்ணப்பம் போட்டுக் காத்திருக்கணுமா?

வேண்டாம். உயிருக்கோ உடைமைக்கோ உடனடி ஆபத்து என்றால் சட்டம் இடம் கொடுக்கிறது. ஆனால் ஆபத்து இருந்தது என்று காட்ட வேண்டியது நீங்கள். எனவே ஆட்களை வெளியேற்றி, படமும் காணொளியும் எடுத்து, கழகத்தைக் கூப்பிட்டுவிட்டு அப்புறம் ரம்பத்தை எடுங்கள். "போன வருஷத்திலிருந்தே சாய்ஞ்சுதான் இருந்துச்சு" என்பது உடனடி ஆபத்தில் சேராது.

கேள்வி: வெட்டியாச்சு என்றால் அபராதத்தோடு முடிஞ்சிடுமா?

2002இல் சாங்கியில் 150 வயதான 'செங்கால்' (Hopea sangal) என்ற இனத்து மரம் ஒன்றை அனுமதியில்லாமல் வெட்டிய வழக்கில், அபராதம் போக 76,000 வெள்ளிக்கு மேல் இழப்பீடும் கட்டவேண்டி வந்தது.

கேள்வி: அக்கா, சித்திரைப் புத்தாண்டுக்குப் பூங்காவில் கொஞ்சம் வேப்பம்பூ பறிச்சுக்கலாமா? ஒரு கைப்பிடிதான்.

பூங்காவில் கைப்பிடியும் கூடாதம்மா. தேக்கா சந்தையில் வாங்கிவிடுங்கள்.