நடமாடும் கிளினிக்கில் பப் சோதனை: கேள்வி பதில்

வாகரை: மிஸ், எனக்கு 38 வயது. 35இல் பப் சோதனை செய்யாம விட்டுட்டன். இனி 45 வரைக்கும் பாத்திருக்கோணுமா?

வேண்டாம் தங்கச்சி, இப்பவே செய்யலாம். கருப்பைக் கழுத்தில் செல்களைத் தடவி எடுத்து, புற்றுநோய்க்கு முந்தின மாற்றம் உண்டா என்று பார்ப்பதுதான் பப் சோதனை. 35, 45 என்பவை எல்லாரையும் கட்டாயம் அழைப்பதற்காக வைத்த வயதுகள். குடும்பநல மாதுவிடம் பெயரைக் கொடுங்கள். வெல் வுமன் கிளினிக் (பெண்களுக்கான சுகாதாரப் பரிசோதனைக் கிளினிக்) நாளும் நடமாடும் கிளினிக் வரும் நாளும் அவருக்குத் தெரியும். உறவுக்குப் பின் இரத்தம் படுகிறது, மாதவிடாய் நின்றபின் திரும்பப் படுகிறது என்றால் இந்தச் சோதனைக்காகக் காத்திருக்கவே கூடாது. நேரே ஆஸ்பத்திரி பெண்நோயியல் கிளினிக்குக்குப் போங்கள்.

கொக்கட்டிச்சோலை: வாறதுக்கு முதல் என்ன கவனிக்கோணும்?

மாதவிடாய் தொடங்கி 10 முதல் 20 நாளுக்குள் வருவது நல்லது. முந்தின 2 நாளும் உடலுறவு, உள்ளே வைக்கும் மாத்திரை, கிறீம், உள்ளே கழுவுதல் எதுவும் வேண்டாம். இதற்குப் பட்டினி தேவையில்லை.

பொத்துவில், தாதி: எங்கட முகாம் ஸ்லைட்டுகளில் நிறைய "போதாது" எண்டு திரும்பி வருது. ஏன்?

காய்ந்துபோவது முக்கியமான ஒரு காரணம். கூடாரச் சூட்டில், காற்றாடிக்கு நேரே வைத்து, ஸ்லைட் என்ற கண்ணாடித் துண்டில் தடவினால் சில விநாடிகளில் செல்கள் காய்ந்து வீங்கிவிடும். பிறகு ஆய்வுகூடத்தில் ஒன்றும் வாசிக்க முடியாது. காற்றாடியை மறுபக்கம் திருப்புங்கள். 95% மதுசாரச் சாடியை மூடி, கைக்கெட்டும் தூரத்தில் வையுங்கள். செல் எடுக்கும் தட்டைக் குச்சியான ஸ்பற்றுலாவைக் கருப்பைக் கழுத்தின் வாயில் பொருத்தி முழு வட்டம் சுற்றி, ஒரே தடவலில் மெல்லிதாகப் பரப்பி, உடனே சாடிக்குள் இடுங்கள். குறைந்தது 15 நிமிடம் ஊறட்டும். யோனியை விரித்துப் பார்க்கும் கருவியான ஸ்பெக்குலத்தை ஜெல்லுக்குப் பதிலாக இளஞ்சூட்டு நீரில் நனையுங்கள். ஜெல் செல்களை மறைக்கும். பெயரையும் இலக்கத்தையும் பென்சிலால், தடவுவதற்கு முதலே எழுதுங்கள். பேனா மை மதுசாரத்தில் கரைந்து, யாருடைய ஸ்லைட் என்றே தெரியாமல் போகும். அதைவிடப் பெரிய அநியாயம் அந்தப் பெண்ணுக்கு வேறில்லை. வருவோர் எண்ணிக்கைக்குச் சரியாக, கிருமிநீக்கிய ஸ்பெக்குலங்களும் வேண்டும். அவசரத்தில் இடையில் கழுவிப் பாவிப்பதற்கு இடமே கொடுக்காதீர்கள்.

அக்கரைப்பற்று: ஆம்பிளை டொக்டர் எண்டா உம்மா வரமாட்டாவாம்.

பெண் உத்தியோகத்தர்தான் எடுக்கவேண்டும் என்று முதலே மாதுவிடம் சொல்லிவையுங்கள். திரை மறைவில் சில நிமிட வேலை.

வெல்லாவெளி: அம்மாக்கு 52. மார்பில கட்டி தட்டுப்படுது, நோவில்லை. அடுத்த முகாமில காட்டலாமா?

முகாமுக்காகப் பொறுக்காதீர்கள் மகள். நோவில்லாத கட்டியைத்தான் முதலில் பார்க்கவேண்டும். கையால் பார்ப்பதோடு மெமோகிராமும் (மார்பக எக்ஸ்ரே) ஊசியால் செல் எடுப்பதும் தேவைப்படலாம், அவற்றுக்கு ஆஸ்பத்திரிதான். இந்தக் கிழமையே சத்திரசிகிச்சைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போங்கள்.

கிரான்: முடிவு வரேல்லை எண்டா ஒண்டுமில்லை எண்டுதானே அர்த்தம்?

அப்படி எடுக்கவே வேண்டாம். ஸ்லைட் உடைந்திருக்கலாம், தொலைபேசி இலக்கம் மாறியிருக்கலாம். எடுத்த அன்றே ஸ்லைட் இலக்கத்தையும் முடிவு வரும் திகதியையும் கிளினிக் அட்டையில் எழுதி வாங்குங்கள். அந்தத் திகதி தாண்டினால் அட்டையோடு மாதுவிடம் போய்க் கேளுங்கள். "போதாது" என்று வந்தால் அது புற்றுநோய் என்று அர்த்தமில்லை, வாசிக்க முடியவில்லை என்பதுதான். 2 முதல் 4 மாதத்துக்குள் திரும்ப எடுக்கவேண்டும். செல்களில் மாற்றம் என்று வந்தால், கோல்போஸ்கோப்பிக்கு (கருப்பைக் கழுத்தைப் பெரிதாக்கிப் பார்க்கும் சோதனை) எந்த ஆஸ்பத்திரி, எந்த நாள் என்று எழுதி வாங்கிக்கொண்டே வீட்டுக்குப் போங்கள்.