எழுதுறவங்க கூடுற இடத்துக்கு நானும் போகலாமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வணக்கம் அக்கா. ரெண்டு வருஷமா ராத்திரி எல்லாரும் தூங்கின பிறகு போன்லயே கதை எழுதிட்டு இருக்கேன், பதினஞ்சு பதினாறு சேர்ந்திருக்கும், வீட்ல யாருக்கும் தெரியாது. எங்க ஏரியா லைப்ரரில மாசாமாசம் ரெண்டாவது சனிக்கிழமை கதை எழுதுறவங்க கூடுறாங்கன்னு நோட்டீஸ் ஒட்டியிருக்கு. மூணு மாசமா நின்னு படிச்சிட்டு அப்படியே திரும்பி வந்துடுறேன். புக்கு போட்டவங்கல்லாம் இருப்பாங்க, நான் போய் அங்க என்ன பண்றது?

பதில்: போங்க. ஆனா முதல் தடவை கதை எதையும் எடுத்துட்டுப் போகாதீங்க, ஒரு நோட்டும் பேனாவும் போதும். "புதுசா வந்திருக்கேன், இன்னைக்கு கேக்குறேன்"னு சொன்னா நல்ல குரூப்ல யாரும் வற்புறுத்த மாட்டாங்க, அப்படி வற்புறுத்துறாங்கன்னா அதுவே உங்களுக்கு ஒரு தகவல்.

உக்காந்து என்ன பாக்கணும்னா, ஒருத்தர் படிச்சு முடிச்சதும் மத்தவங்க எதைப் பத்தி பேசுறாங்கன்னு பாருங்க. "அந்தப் பாட்டி கதவைத் தொறந்ததுக்கப்புறம் கதை யாரோடதுன்னு எனக்கு குழம்பிடுச்சு"ன்னு பேசினா அவங்க பேப்பரைப் பத்தி பேசுறாங்க. "உங்களுக்கு இன்னும் அனுபவம் பத்தல"ன்னு பேசினா ஆளைப் பத்தி பேசுறாங்க. முதல் வகை பேச்சு நிறைய இருக்கிற இடத்துல தைரியமா உக்காரலாம். அப்புறம் நேரத்தை எப்படிப் பிரிக்கிறாங்கன்னு கவனிங்க, ரெண்டு மணி நேரத்துல எட்டு பேர்னா ஆளுக்கு 15 நிமிஷம்தான், அதுல ஒருத்தரே 40 நிமிஷம் எடுத்துக்கிட்டா மத்தவங்க வாயே திறக்காம வீட்டுக்குப் போவாங்க. சத்தமா நிறுத்திப் படிச்சா நிமிஷத்துக்கு சுமாரா 100 வார்த்தை போகும், அதனால நீங்க படிக்கப் போற அன்னைக்கு 500, 600 வார்த்தைக்குள்ள எடுத்துட்டுப் போங்க, பேசுறதுக்கும் நேரம் மிஞ்சும்.

புக்கு போட்டவங்க இருப்பாங்கதான். அவங்களும் அரைகுறையா எழுதினதைத்தான் தூக்கிட்டு வருவாங்க, முடிஞ்ச கதைக்கு எதுக்கு குரூப்பு.

என் முதல் நாளை சொல்றேன். நான் போன குரூப்ல ஒரு வழக்கம், நம்ம எழுதினதை நாம படிக்கக்கூடாது, பக்கத்துல இருக்கிறவர் படிப்பார். என் பேப்பரை ஒரு பெரியவர் வாங்கி கண்ணாடியைத் துடைச்சு போட்டுக்கிட்டு படிக்க ஆரம்பிச்சார். ரெண்டு பத்தி நல்லா போச்சு. மூணாவதுல ஒரே வாக்கியத்துல மூச்சு வாங்கி நிறுத்தினார், திரும்ப முதல்லேர்ந்து ஆரம்பிச்சார், "அவன்"னு வர்ற இடத்துல எந்த அவன்னு தெரியாம தலையைத் தூக்கி என்னைப் பாத்தார். யாரும் ஒரு வார்த்தை குறை சொல்லல, ஆனா எங்க தப்புன்னு எனக்கு அந்த நிமிஷமே தெரிஞ்சு போச்சு, அதே பத்தியை வீட்ல இருபது தடவை திருத்தியிருப்பேன், ஒரு தடவைகூட கண்ணுல படல. குரூப்னா என்னத்துக்குன்னு யார் கேட்டாலும் எனக்கு இதுதான் ஞாபகம் வரும், நம்ம எழுத்து இன்னொருத்தர் வாயில போகும்போது எங்க இடறுதுன்னு காதால கேக்குறது.

கேள்வி: ஒரு குரூப்ல சேர்ந்து ரெண்டாவது வாரமே என் கதையைக் கிழிச்சு தொங்கவிட்டாங்க. நான் விளக்கம் சொல்லப் போக அது சண்டையாவே ஆயிடுச்சு. நாலு மாசமா ஒரு வரி எழுதல. எனக்கு இது சரிப்பட்டு வராதோ?

பதில்: நாலு மாசம் எழுதாம இருந்தீங்கன்னு படிச்சதும் மனசு கஷ்டமா இருந்துச்சு. உங்க எழுத்து எப்படிங்கிறது இருக்கட்டும், அந்தக் குரூப்புக்கு பேசுற முறைன்னு ஒண்ணு இருந்துச்சான்னுதான் முதல்ல கேக்கத் தோணுது. 1956ல அமெரிக்காவுல மில்ஃபோர்டுங்கிற ஊர்ல அறிவியல் புனைகதை எழுதுறவங்க கூடி ஒரு முறை ஏற்படுத்தினாங்க, எல்லாரும் முன்னாடியே படிச்சிட்டு வட்டமா உக்காந்து ஆளுக்கு சில நிமிஷம் பேசணும், எழுதினவர் அதுவரைக்கும் வாயே திறக்கக்கூடாது, கடைசியாதான் பதில் சொல்லலாம். இன்னைக்கும் நிறைய பட்டறைகள்ல அதுதான் வழக்கம். விளக்கம் சொல்லக்கூடாதுங்கிறது கொடுமையா தெரியும், ஆனா பத்திரிகையில படிக்கிறவர் பக்கத்துல நீங்க உக்காந்து விளக்க முடியாதே, அதனாலதான்.

ஆனா அந்த முறை எல்லாருக்கும் ஒத்துவராது, எட்டு பேர் வரிசையா குறை சொன்னா மனசு தாங்காத ஆளுங்க உண்டு. லிஸ் லெர்மன்னு ஒரு நடன அமைப்பாளர் 1990ல வேற ஒரு வழி கொண்டு வந்தாங்க, எனக்கு இதுதான் பிடிக்கும். முதல்ல எது மனசுல நின்னுச்சுன்னு எல்லாரும் சொல்லணும், அப்புறம் படைச்சவர் தனக்கு வேணுங்கிறதைக் கேப்பார், அப்புறம் மத்தவங்க கருத்தை உள்ள ஒளிச்சு வைக்காத கேள்வியா கேக்கணும். "ஏன் இவ்ளோ இழுத்திருக்கீங்க"ன்னா அது கேள்வி மாதிரி வர்ற திட்டு, "இந்த ஆஸ்பத்திரி சீன் எவ்ளோ நேரம் நடக்கிற மாதிரி நினைச்சீங்க"ன்னா அது கேள்வி. கருத்து கடைசியாதான், அதுவும் "சொல்லட்டுமா"ன்னு கேட்டு, வேண்டாம்னா வேண்டாம்.

ஆக்ஸ்ஃபோர்டுல 1930, 40கள்ல இங்க்ளிங்ஸ்னு ஒரு நண்பர்கள் கூட்டம் இருந்துச்சு, நார்னியா கதைகள் எழுதின சி.எஸ். லூயிஸ் ரூம்ல வியாழக்கிழமை ராத்திரி கூடி எழுதிட்டு இருக்கிறதை சத்தமா படிப்பாங்க. அதுல 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' எழுதின டோல்கீன் படிக்கிறது ஹ்யூகோ டைசன்ங்கிற நண்பருக்கு சுத்தமா பிடிக்காது, அவர் இருந்தா டோல்கீன் படிக்கிறதையே விட்டுடுவார். ஆனா லூயிஸ் கேட்டுக்கிட்டே இருந்தார். லூயிஸ்கிட்டேர்ந்து தனக்குக் கிடைச்சது தாக்கம் இல்ல, வெறும் ஊக்கம்தான், ரொம்ப நாள் அவர் ஒருத்தர்தான் தனக்கு வாசகர்னு டோல்கீன் பின்னாடி எழுதினார். அதனால பழைய குரூப்ல உங்க கதையை நிஜமாவே காது கொடுத்து கேட்டவர் ஒருத்தர் இருந்தாரான்னு யோசிச்சுப் பாருங்க, இருந்தா அவருக்கு மட்டும் அடுத்த கதையை அனுப்புங்க. இல்லேன்னா வேற குரூப்பு. அதுக்கு முன்னாடி இன்னைக்கு ராத்திரி பத்து நிமிஷம் அலாரம் வெச்சு பேனாவை நிறுத்தாம மனசுல வர்றதை எழுதுங்க, யாருக்கும் காட்ட வேண்டாம்.

கேள்வி: குரூப்ல படிச்சா என் கதையை யாராவது திருடிட்டா?

பதில்: கதைக்கருவுக்கு பதிப்புரிமை கிடையாது, எழுதின எழுத்துக்குத்தான் உண்டு. எழுதுறவங்க உரிமைக்காக 1886ல போட்ட பெர்ன் ஒப்பந்தத்துல சேர்ந்த நாடுகள்ல நீங்க எழுதினதுமே உரிமை உங்களோடது, அதுக்குப் பதிவு பண்ணியிருக்கணும்னு கட்டாயம் இல்ல. நான் பயப்படுறது வேற விஷயத்துக்கு. குரூப்புக்குக் காட்டுறேன்னு எல்லாரும் பாக்குற மாதிரி ஃபேஸ்புக்ல போட்டுட்டா பல பத்திரிகைகள் அதை ஏற்கனவே பிரசுரமானதா எடுத்துக்கிட்டு வாங்க மாட்டேன்னுடும். பேப்பர்ல கொடுங்க, இல்லேன்னா மெயில்ல அனுப்புங்க.

கேள்வி: பக்கத்துல எந்தக் குரூப்புமே இல்ல அக்கா. நானே ஆரம்பிக்கலாமா? எத்தனை பேர் வேணும்?

பதில்: மூணு பேர் போதும். ஒருத்தர் வரலைன்னாலும் ரெண்டு பேர் இருப்பீங்க. எட்டுக்கு மேல வேண்டாம், ஒருத்தர் முறை வர்றதுக்குள்ள மாசக்கணக்கா ஆயிடும். வீட்ல கூடாதீங்க, அந்த வீட்டுக்காரங்களுக்கு வேலையாயிடும், சீக்கிரம் சலிச்சிடும். நாளை மாத்திக்கிட்டே இருந்தா ஆள் குறையும், அதனால ஒரே கிழமை, ஒரே நேரம். எழுதிட்டு வராதவங்களும் வரட்டும், கேக்குறதுக்கு ஆள் வேணும்ல. ஒவ்வொரு தடவையும் அடுத்த தடவை யார் படிக்கிறாங்கன்னு பேர் எழுதி வெச்சிட்டு எழுந்திருங்க, முதல் பேர் உங்களோடதா இருக்கட்டும்.