மோரிஸ் மைனர் ஆல்டர்னேட்டர்: அந்தச் சிவப்பு விளக்கை முதலில் பாருங்கள்

வணக்கம். உங்கள் 1965 மோரிஸ் மைனர் காரில் டைனமோவைக் கழற்றி, பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரைப் பொருத்தியபின், எஞ்சினை நன்றாக முடுக்கினால் மட்டுமே சார்ஜ் ஏறுவதாகவும், சாவியைத் திருப்பும்போது சார்ஜ் எச்சரிக்கைக்கான சிவப்பு விளக்கு எரிவதேயில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். அந்த விளக்கைத்தான் நான் முதலில் சந்தேகிக்கிறேன். ஏனெனில் ஆல்டர்னேட்டரின் சுழலும் சுருளுக்குத் தொடக்க மின்னோட்டம் அந்தச் சிறிய பல்பு வழியாகவே செல்கிறது.

எஞ்சினை இயக்காமல் சாவியை மட்டும் திருப்பி, ஆல்டர்னேட்டரிலிருந்து விளக்குக்குச் செல்லும் மெல்லிய வயரைக் கழற்றி, அதன் நுனியை எஞ்சின் உலோகத்தில் தொடுங்கள். தடித்த வயரைத் தொட வேண்டாம். அதில் பேட்டரி மின்சாரம் எப்போதும் இருக்கும். விளக்கு எரிந்தால் பழுது ஆல்டர்னேட்டருக்குள், பெரும்பாலும் சுழலும் சுருளுக்கு மின்சாரம் கொடுக்கும் தேய்ந்த பிரஷ்ஷில், இருக்கிறது. எரியாவிட்டால் பல்பு போயிருக்க வேண்டும், அல்லது பழுப்பில் மஞ்சள் கோடிட்ட அந்த வயர் டைனமோவின் வோல்ட்டைக் கட்டுப்படுத்திய பழைய ரெகுலேட்டர் பெட்டியருகே இணைப்பின்றிக் கிடக்க வேண்டும்.

இந்தக் கார் ஆலையிலிருந்து பாசிட்டிவ் எர்த்தாகவே, அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனை காரின் உடலோடு இணைந்ததாகவே, வந்தது. சார்ஜ் ஏறுவதால் நீங்கள் அதை நெகட்டிவ் எர்த்தாக மாற்றியிருப்பது தெரிகிறது. ஆயினும் பழைய வழக்கப்படி யாரேனும் பேட்டரியைத் திருப்பி மாட்டினால் ஆல்டர்னேட்டருக்குள் மின்சாரத்தை ஒரே திசையில் விடும் டையோடுகள் நொடியில் கருகிவிடும் என்பதால், பேட்டரியருகே 'நெகட்டிவ் எர்த்' என்று தெளிவாக எழுதி ஒட்டிவையுங்கள். சரிசெய்தபின் எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனைகளில் 13.8 முதல் 14.4 வோல்ட் வரை காட்ட வேண்டும்.