கடிகாரம் காட்டும் 46 அல்ல, வயல் வரம்பில் விழுந்ததே கவலைக்குரியது

கேள்வி: எனக்கு வயது 36. ஒட்டுசுட்டானில் வயல் செய்கிறேன். கனடாவிலிருந்து அக்கா அனுப்பிய ஸ்மார்ட் கடிகாரம் ஓய்வில் இதயத்துடிப்பு 52 என்றும் நித்திரையில் 46 என்றும் காட்டுகிறது. சைக்கிள் ஓடும்போது 120 வரை ஏறுகிறது. 50க்குக் கீழே போனால் இதயத்தைத் துடிக்க வைக்கும் பேஸ்மேக்கர் கருவி பொருத்த வேண்டும் என்று இணையத்தில் வாசித்தேன். வாயுத் தொல்லை, கை விறைப்பு, மறதி எல்லாம் இருக்கின்றன. படபடப்புக்குப் பாமசியில் புரொப்பிரனலோல் வாங்கி இடையிடையே போடுகிறேன். போன மாதம் ஒரு மாலை, வரம்பில் நடக்கும்போது திடீரென விழுந்துவிட்டேன். கைகளில் ஒன்றுமில்லை, தாடையில்தான் மூன்று தையல். வெயில் களைப்பாக இருக்கலாம். அப்பா 44 வயதில் நித்திரையிலேயே இறந்தவர். இரவில் படுக்கப் பயந்து பிளேன்டீ குடித்துக்கொண்டு விழித்திருக்கிறேன்.

பதில்: துடிப்பு மெல்ல மெல்லக் குறைந்து நித்திரையிலேயே நின்றுவிடும் என்று பயப்படுகிறீர்கள். ஆரோக்கியமான இதயத்தில் அப்படி நடப்பதில்லை. நித்திரையில், துடிப்பை மெதுவாக்கும் வேகஸ் நரம்பின் ஆதிக்கம் கூடுவதால் நல்ல உடல்நிலை உள்ளவர்களுக்கும் துடிப்பு நாற்பதுகளுக்கு இறங்கும். 60 முதல் 100 வரை என்று பாடநூல்கள் சொன்னாலும், நாள் முழுக்க மண்வெட்டியும் சைக்கிளுமாக உழைக்கிறவரின் இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் கூடுதல் குருதியை வெளியேற்றுவதால், ஓய்வில் நிமிடத்துக்கு 50 தடவை துடிப்பதே அதற்குப் போதுமாக இருக்கும். உழைக்கும்போது 120 வரை ஏறுகிறது என்று நீங்களே எழுதியிருப்பது நல்ல அறிகுறி. 50க்குக் கீழே போனால் பேஸ்மேக்கர் என்பது தவறான செய்தி. 2018இல் வெளியான அமெரிக்க இதயவியல் வழிகாட்டிகூட, இதயத்தின் இயற்கைத் துடிப்பாக்கி மெதுவாக வேலை செய்வதற்கு அப்படியொரு எல்லை எண்ணை வகுக்கவில்லை. துடிப்பு குறையும் அதே நேரத்தில் நோயாளிக்கு என்ன நேர்கிறது என்பதைத்தான் பார்க்கச் சொல்கிறது. வாயு, கை விறைப்பு, மறதி ஆகியவற்றை இதயத்தோடு முடிச்சுப் போடாதீர்கள். இரவு முழுக்கப் பிளேன்டீயோடு விழித்திருப்பவருக்கு வயிறு எரிவதும் ஞாபகம் தவறுவதும் புதினமில்லை.

உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்ப வாசித்தது, நீங்கள் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போன அந்த வீழ்ச்சியைத்தான். வெயிலில் நெடுநேரம் நின்றோ பசியிலோ மயங்குகிறவருக்குப் பெரும்பாலும் முன்கூட்டியே வியர்க்கும், குமட்டும், கண் இருட்டும். அவர் எதையாவது பிடித்துக்கொள்வார், அல்லது கையை ஊன்றுவார். உங்களுக்குக் கைகளில் சிராய்ப்பில்லை, தாடை கிழிந்திருக்கிறது. கையை முன்னே நீட்டக்கூட அவகாசம் கிடைக்கவில்லை என்றுதான் இதற்குப் பொருள்கொள்ள வேண்டியிருக்கிறது. நேரமும் மாலை, வெயிலின் மேல் பழியைப் போட்டுவிட்டு இருக்க முடியாது. முன்னறிவிப்பின்றி நினைவு தப்பி விழுவது, அதிலும் தந்தை 44 வயதில் நித்திரையில் இறந்த குடும்பத்தில், இதயத்தின் மின்னோட்டத்தில் கோளாறு இல்லை என்று உறுதிப்படுத்தும் வரை சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாத அறிகுறி. அப்படிப்பட்ட கோளாறுகளில் சில பரம்பரையாக வருபவை. சில வேளை துடிப்பு நின்று நின்று போகும், சில வேளை கட்டுக்கடங்காத வேகத்தில் ஓடும். கடிகாரம் காட்டும் சராசரி எண்ணில் இவை அகப்படாமலே போகலாம்.

இந்த நிலையில் வைத்தியரின் சீட்டு இல்லாமல் புரொப்பிரனலோல் போட்டிருக்கிறீர்கள் என்பதை வாசித்தபோது எனக்குக் கோபமே வந்தது. துடிப்பைக் குறைப்பதுதான் அந்தக் குளிசையின் வேலை. துடிப்பு குறைகிறதே என்ற பயத்தில் படபடப்பு, படபடப்புக்குத் துடிப்பைக் குறைக்கும் குளிசை, பிறகு கடிகாரத்தில் இன்னும் சிறிய எண், அதைக் கண்டு மேலும் பயம். இடையிடையே மட்டும் போட்டதால் நீங்கள் இன்றோடு நிறுத்திவிடலாம். ஆனால் பிரஷருக்கோ இதய நோய்க்கோ வைத்தியர் எழுதிக் கொடுத்து நாளாந்தம் போடுகிறவர்கள் இதை வாசித்துவிட்டுத் தாமாக நிறுத்தக் கூடாது. திடீரென நிறுத்துவது அவர்களுக்கு ஆபத்து.

நாளைக் காலையே மாங்குளம் ஆதார வைத்தியசாலைக்கோ முல்லைத்தீவு மாவட்டப் பொது வைத்தியசாலைக்கோ போய், துடிப்பு 46 என்று தொடங்காமல், விழுந்த கதையையும் அப்பாவின் மரணத்தையும் முதலில் சொல்லி, ஈ.சி.ஜி. எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். அன்று குளிசை போட்டிருந்தீர்களா, வயலுக்குக் கிருமிநாசினி அடித்திருந்தீர்களா என்பதையும் மறைக்காதீர்கள்; சில கிருமிநாசினிகள் உடம்பில் சேர்ந்தால் எச்சிலும் வியர்வையும் பெருகித் துடிப்பும் வீழும். ஈ.சி.ஜி. சரியாக இருந்தாலும் விடயம் அதோடு முடிந்துவிடாது. இதயத்தை ஒலியலையால் படம்பிடிக்கும் எக்கோ பரிசோதனையும் 24 மணி நேரத் துடிப்புப் பதிவும் தேவைப்படலாம். அதற்கு யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையின் இதய நோய்ப் பிரிவுக்கு அனுப்பினால் தட்டிக்கழிக்காமல் போங்கள். அதுவரை உழவு இயந்திரம், மோட்டார் சைக்கிள் ஓட்ட வேண்டாம். குளத்தில் தனியாகக் குளிக்க வேண்டாம். மறுபடி மயங்கினால், நெஞ்சு வலித்தால், மூச்சு வாங்கினால், வீட்டில் இருப்பவர்கள் உடனே 1990க்கு அழைத்து அம்புலன்ஸைக் கூப்பிடட்டும். இரவில் கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டு நித்திரை கொள்ளுங்கள்.

உங்கள் ஈ.சி.ஜி.யில் ஏதாவது தென்பட்டால் கனடாவில் இருக்கும் அக்காவும் எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும். அப்பா இறந்த விதத்தை அவர் அங்குள்ள தன் வைத்தியரிடம் இப்போதே சொல்லி வைப்பது நல்லது.