செயின்ட் ஆண்ட்ரூஸ் பேராலய இடிபாடுகளுக்குக் குழந்தைகளை அழைத்துச் செல்லலாமா?

ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பேராலயத்தில் இடிந்த சுவர்களும் கல்லறைகளும்தானே இருக்கின்றன, சிறு பிள்ளைகளுக்கு அது சரிவருமா என்று கேட்டிருக்கிறீர்கள். எட்டு வயது மகன், ஐந்து வயது மகள், ஊரிலிருந்து வந்திருந்த மாமியார் ஆகியோருடன் சென்றுவந்தவன் என்ற முறையில், தாராளமாகச் செல்லலாம் என்பேன். அந்நகருக்கு ரயில் நிலையம் கிடையாது. எடின்பரோவிலிருந்து லூக்கர்ஸ் வரை ரயிலிலும் பிறகு பேருந்திலும் சென்றோம்.

உள்ளே நுழைந்ததும் மகன், “கோயில் எங்கே?” என்று கேட்டான். நியாயமான கேள்விதான். கிழக்கே சிறு கோபுரங்கள் இரண்டைத் தாங்கிய ஒரு சுவர், மேற்கே வாசலின் ஒரு பகுதி, தெற்கே நீண்ட சுவர். நடுவில் புல்வெளியும் தூண்களின் அடிக்கற்களும் மட்டுமே. ஆகவே மேற்கு வாசலிலிருந்து கிழக்குச் சுவர் வரை அடிகளை எண்ணிக்கொண்டே நடக்கச் சொன்னேன். ஏறத்தாழ 119 மீட்டர், இருநூறைத் தாண்டியதும் எண்ணுவதை விட்டுவிட்டு, “இவ்வளவும் ஒரே கோயிலா?” என்றான். ஸ்காட்லாந்தில் கட்டப்பட்டவற்றுள் மிகப் பெரிய தேவாலயம் இது. 1160-ஐ ஒட்டித் தொடங்கிய வேலை, 1270-களில் புயலில் மேற்கு முகப்பு விழுந்ததால் நீளம் குறைக்கப்பட்டு, 1318-இல்தான் மன்னர் ராபர்ட் புரூஸ் முன்னிலையில் அர்ப்பணிப்பு விழாவைக் கண்டது. 1559-இல் புராட்டஸ்டன்ட் மதச் சீர்திருத்தப் போதகர் ஜான் நாக்ஸின் பிரசங்கத்தைக் கேட்டுக் கிளர்ந்த கூட்டம் உள்ளே புகுந்து சூறையாடியது. ஆனால் சுவர்களைக் கரைத்தவர்கள் பெரும்பாலும் பிற்காலத்து ஊர்க்காரர்கள். கைவிடப்பட்ட பேராலயத்திலிருந்து வீடு கட்டக் கல் எடுத்துச் சென்றார்கள். இதைக் கேட்ட பிள்ளைகள், திரும்பும் வழியெங்கும் பழைய வீடுகளைத் தடவிப் பார்த்து, கோயில் கல்லைக் கண்டுபிடித்ததாகச் சண்டையிட்டுக்கொண்டார்கள்.

மாமியாருக்குத்தான் இடுகாட்டுக்குள் பிள்ளைகளை விடத் தயக்கம். தான் வாசலிலேயே உட்கார்ந்துகொள்வதாகச் சொன்னார், காற்று தாங்காமல்தான் உள்ளே வந்தார். (வட கடல் பக்கத்திலேயே இருப்பதால், வெயிலடித்தாலும் மேற்சட்டை கட்டாயம் வேண்டும்.) தெற்கு மதிலில், மட்டையுடன் பந்தை அடிக்கத் தயாராக நிற்கும் இளைஞனின் புடைப்புச் சிற்பம் ஒன்று இருக்கிறது. அவர் இளைய டாம் மோரிஸ், ஓப்பன் கோல்ப் போட்டியில் நான்கு முறை வென்றவர். 1875 செப்டம்பரில் மனைவியையும் பிறந்த குழந்தையையும் பறிகொடுத்து, அதே ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில், 24 வயதில் இறந்துபோனார். அறுபது கோல்ப் சங்கங்கள் சேர்ந்து எழுப்பிய நினைவுச்சின்னம் அது. அவருடைய தந்தை மூத்த டாம் மோரிஸும் நான்கு முறை வென்றவர்தான். 1908 வரை வாழ்ந்து, மகனுக்கு அருகிலேயே அடக்கமானார்.

மகள் அந்தச் சிற்பத்தைப் போலவே நின்று பார்த்தாள். மாமியார் மட்டும், “முப்பது வருஷத்துக்கு மேல புத்திர சோகமா மாப்பிள்ளை?” என்று கேட்டுவிட்டு, எங்கள் எல்லோரையும்விட அதிக நேரம் அங்கேயே நின்றார்.

பழைய கல்லறைக் கற்கள் சில சாய்ந்திருக்கும். அவற்றில் பிள்ளைகளைச் சாயவோ ஏறவோ விடாதீர்கள். எங்களுக்கு வேறு சிக்கல் எதுவும் வரவில்லை. வீடு திரும்பியதும், எல்லோரும் தலைக்குக் குளித்த பிறகுதான் மாமியார் சாப்பாடு போட்டார்.