கோலாலம்பூர் செந்தூலில் ஏரிக்கரைப் பக்கம் கொண்டோ (அடுக்குமாடி வீடு) வாங்கலாமா? ஒன்றுமில்லாமல் கிடந்த இடம் இப்போது முன்னேறிவிட்டதா?

வாங்கலாம். கொமுட்டர் ரயிலும் எல்ஆர்டி ரயிலும் பக்கத்தில். பிள்ளைகள் இருந்தால் தம்புசாமி பிள்ளை தமிழ்ப்பள்ளியும் செந்தூலிலேயே இருக்கிறது. மாதப் பராமரிப்புக் கட்டணத்தை மட்டும் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆனால் செந்தூல் ஒன்றுமில்லாமல் கிடந்ததாக யார் சொன்னது? நீங்கள் வேலைக்காக வெளியூரிலிருந்து வந்தவராக இருக்கலாம், அதனால் சொல்கிறேன்.

என் அப்பா செந்தூல் ரயில்வே பட்டறையில் ஃபிட்டர். 1900களின் தொடக்கத்தில் வெள்ளைக்காரர்கள் அமைத்த பட்டறை அது. 1945-ல், ஜப்பானியர் பிடியில் இருந்தபோது, நேச நாட்டு விமானங்கள் குண்டு போட்டு நொறுக்கின. போருக்குப் பிறகு மறுபடி எழுந்தது. தமிழ்நாட்டிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வந்த குடும்பங்கள் அதை நம்பித்தான் இங்கே வேரூன்றின. சங்கு ஊதினால் தெரு முழுக்க சைக்கிள்.

தங்கைக்கு வீடு பார்க்கப் போனபோது அப்பாவையும் கூட்டிப்போனேன். பால்கனியிலிருந்து ஏரியைக் காட்டி ஏஜென்ட், "முன்ன இது வெறும் காடு அங்கிள்" என்றார். அப்பா அங்கேயே நின்று, ரயில் சக்கரத்துக்கு எஃகு வளையம் மாட்டும் வேலையை அவருக்கு விளக்க ஆரம்பித்துவிட்டார். வளையத்தைச் சூடேற்றினால் விரியும், சக்கரத்தில் ஏற்றி ஆறவிட்டால் கவ்விக்கொள்ளும், அளவு மயிரிழை பிசகினாலும் ஓட்டத்தில் நழுவும். ஏஜென்ட் கார் நிறுத்துமிடத்தைக் காட்டக் கிளம்பினார். அப்பா விடவில்லை, லிஃப்ட்டுக்குள்ளும் சொல்லிக்கொண்டே வந்தார். எனக்குப் பெருமையாக இருந்தது.

நான் வளர்ச்சிக்கு எதிரி என்று யாரும் கிளம்பிவர வேண்டாம். ரயில்வேயின் பழைய செங்கல் கட்டடம் கோல்ஃப் கிளப்பாகி, 2005-ல் கேஎல்பேக் நாடக அரங்கமானது; சுவர்களை இடிக்காமல் வைத்தது நல்ல காரியம். குண்டர் கும்பல் இருந்ததையும் மறுக்கவில்லை. ஆனால் பட்டறை வேலை பேராக்கிலுள்ள பத்து காஜாவுக்குப் போனபோது இங்கே எத்தனை குடும்பங்களின் பிழைப்பு கலைந்தது என்பதையும் சேர்த்துப் பேசுங்கள்.

அப்புறம் இன்னொன்று, நீங்கள் கேட்காதது. என் மகள் இதே வட்டாரத்தில் வாடகைக்கு அறை தேடினாள். நல்ல வேலை, சம்பளச் சீட்டெல்லாம் கையில். பெயரைக் கேட்டதுமே "இந்தியர் வேண்டாம்" என்று பதில் வந்தது, ஒரு இடத்தில் இல்லை, பல இடத்தில். அவள் தாத்தா வேலை பார்த்த ஊரில்! வீட்டை வாங்கிப் பின்னால் வாடகைக்கு விடுவதாக இருந்தால், தயவுசெய்து நீங்கள் அப்படி விளம்பரம் போடாதீர்கள்.