153 என்ற எண்ணில் அப்படி என்ன சிறப்பு?

எனக்கு இந்த எண் அறிமுகமானது கோயிலில்தான். யோவான் நற்செய்தி 21ஆம் அதிகாரத்தில், இரவு முழுக்க ஒன்றும் படாத சீடர்களின் வலையில் விடியற்காலையில் 153 பெரிய மீன்கள் படும், வலையும் கிழியாது. மட்டக்களப்பு வாவியில் வீச்சுவலை போட்டவர் என் அப்பப்பா. அந்த வாசகம் வரும்போதெல்லாம், "எண்ணித்தான் இருக்கிறாங்கள் பாத்தியா" என்று என் காதோடு சொல்வார்.

1 முதல் 17 வரை கூட்டினால் 153 வரும். புனித அகுஸ்தீனார் இதைக் கவனித்து, 10 கட்டளைகளும் ஆவியின் 7 கொடைகளும் சேர்ந்த 17 என்று விளக்கம் சொன்னார். 1! + 2! + 3! + 4! + 5! கூட 153தான் (5! என்றால் 1 × 2 × 3 × 4 × 5). அப்புறம் இலக்கங்களின் கனங்கள்: 1³ + 5³ + 3³, அதாவது 1 + 125 + 27 = 153.

இந்தக் கடைசிப் பண்பு 370, 371, 407 ஆகியவற்றுக்கும் உண்டு. கணிதக்காரரை ஈர்க்க இதில் ஒன்றுமில்லை என்று ஆங்கிலேயக் கணித அறிஞர் ஜி. எச். ஹார்டி 1940இல் எழுதினார். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அந்த நான்கில் 3ஆல் வகுபடுவது 153 மட்டும்தான், விஷயமே அங்கேதான் இருக்கிறது.

3இன் மடங்கு ஏதாவது ஒன்றை எடுத்து, இலக்கங்களின் கனங்களைக் கூட்டுங்கள். வந்த விடைக்கும் அப்படியே செய்யுங்கள். 84 → 576 → 684 → 792 → 1080 → 513 → 153. எங்கே தொடங்கினாலும் முடிவு இதுதான்.

தரம் 8 பிள்ளைகளுக்கு இதைக் கொடுத்தேன். கெதியாக முடியும் என்று நினைத்து ஒரு பிள்ளை 6ஐ எடுத்தாள். 216, 225, 141, 66, 432, 99 என்று போய், அடுத்து 1458 வந்ததும் பிழைத்துவிட்டதாக நினைத்து அழித்தாள். திரும்பப் போட்டாலும் அதே 1458. பிறகு 702, 351, 153. கொப்பியில் அரைப்பக்கம் போயிருந்தது.

ஏன் இப்படி? ஒரு எண்ணின் கனத்திலிருந்து அந்த எண்ணைக் கழித்தால், அடுத்தடுத்த மூன்று எண்களின் பெருக்கம் கிடைக்கும். 2 என்றால் 8 − 2 = 6, அதாவது 1 × 2 × 3. அடுத்தடுத்த மூன்றில் ஒன்று கட்டாயம் 3இன் மடங்கு. ஆகவே கனங்களைக் கூட்டினாலும் இலக்கங்களைக் கூட்டினாலும் 3ஆல் வகுக்க ஒரே மீதிதான். 3இன் மடங்கு, 3இன் மடங்காகவே இருக்கும். நான்கு இலக்க எண்ணுக்குக் கூட்டுத்தொகை 4 × 729 = 2916ஐத் தாண்டாது; பெரிய எண்களும் படிப்படியாக இதற்குள் வந்துவிடும். மிச்சம் இருப்பவற்றை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தால் எல்லாம் 153இல் நிற்கும்.

"அப்ப மற்ற எண்கள், டீச்சர்?" என்று அந்தப் பிள்ளையே கேட்டாள். சரி, 4ஐப் போட்டோம். 64, 280, 520, 133, 55, 250, மறுபடி 133. அந்த மூன்றுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது.